கைக்குழந்தைக்குச் சளியா? மூச்சை எண்ணுங்கள்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். "சளிதானே, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார், அதற்குத்தான் இது. ஆர்எஸ்வி என்ற வைரஸ் 2 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடும், பெரும்பாலும் மூக்கொழுகலோடு போய்விடும். ஆனால் ஆறு மாதம்கூட ஆகாத, எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு அது நுரையீரலில் இறங்கினால் கதையே வேறு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் 5 வயதுக்குள் இதனால் இறக்கிறார்கள், பெரும்பாலும் வசதி குறைந்த நாடுகளில். மகாராஷ்டிராவின் மேல்காட் பழங்குடிக் கிராமங்களில் ஊர் ஊராக ஆய்வு செய்தபோதுதான் மருத்துவமனைக் கணக்கில் வராமல் வீட்டிலேயே போன உயிர்களும் தெரியவந்தன.

சரி, என்ன செய்வது? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40, இவற்றைத் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 108.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது, மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தேவை ஆக்சிஜன். அப்புறம், பாட்டிகள் கோபித்தாலும் பரவாயில்லை, குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதை நிறுத்துங்கள். சளி பிடித்த அண்ணன் அக்காக்கள் கை கழுவாமல் கைக்குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.