ஓசூர் மல்லிகாவுக்கு

நியூயார்க்
ஆகஸ்ட் 20

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் வந்ததிலிருந்து வீட்டில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். காபியிலா, உன் உடம்பிலா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முட்டிவலி போகவில்லை, ஆனால் பூங்காவில் செஸ் ஆடப் போகும்போது மட்டும் வலிப்பதில்லை.

உன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை லீவில் அறிவியலாக ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாயே, சரியான ஆளிடம்தான் கேட்டாய். போன வாரம் நந்தினி என்னை அவள் வேலை பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸக்கர்மன் மூளை ஆய்வு நிறுவனம், மன்ஹாட்டனில் 129ஆம் தெரு. முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். வெளியே தூண்களின் மேல் ரயில் ஓடுகிறது, உள்ளே சத்தமே வரவில்லை. மோப்பம் பற்றிய ஆய்வுக்காக 2004இல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஆக்ஸலும் அங்கேதான் இருக்கிறார். நான் பார்க்கப் போனது அவரையில்லை, பதினாறு வயதுப் பிள்ளைகளை.

பிரெய்ன்யாக் என்று ஒரு திட்டம் அங்கே நடக்கிறது. மேல் மன்ஹாட்டன், தெற்கு பிராங்ஸ் பக்கத்து உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கானது. குளிர்காலத்தில் சனிக்கிழமைகளில் அடிப்படை வகுப்பு, கோடையில் ஆளுக்கொரு ஆய்வகத்தில் வேலை, கடைசியில் செய்ததை ஒரு பெரிய தாளில் போட்டு மாட்டி எல்லோருக்கும் விளக்கவேண்டும். நந்தினியிடம் வந்த பையன் பழ ஈக்களோடு கோடையைக் கழித்திருக்கிறான். ஈக்களைக் கரியமில வாயுவால் மயக்கி, நுண்ணோக்கியின் கீழே மெல்லிய தூரிகையால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கமாகத் தள்ளுகிறான். வயிற்று நுனி கருத்திருந்தால் ஆண். தூரிகை பிடித்த கை ஆடவில்லை. நான் முயன்றபோது ரெண்டு ஈ எழுந்து பறந்துவிட்டது! "இதன் மூளையில் ஏறக்குறைய 1,40,000 நரம்பணுக்கள். ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்ற வரைபடமே 2024இல் வந்துவிட்டது. நமக்கு 8,600 கோடி, நாம் காத்திருக்க வேண்டியதுதான்" என்றான். ஆசிரியை நீ கேட்டிருந்தால் அவனைத் தத்து எடுத்திருப்பாய்.

எனக்கு மனசுக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். இந்த ஊரில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் பெயரில் கோடை வகுப்புகள் நடக்கின்றன. ரெண்டு மூன்று வாரத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் போய்ச் சான்றிதழோடு வருவார்கள். கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டால் மட்டும் ஏழைப் பையன் வந்துவிடுவானா? பஸ் காசு யார் தருவது, மத்தியானச் சாப்பாடு எங்கே, லீவில் கடையில் வேலை பார்த்து வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு என்ன வழி? ப்ளஸ் ஒன் முடித்ததும் உன் பையன்கள் ரோஜாத் தோட்டத்துக்கும் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள் என்று எழுதினாயே, அதே கதைதான். நீ என்ன நடத்தினாலும் முதலில் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் தேடு. பாடத்திட்டம் அப்புறம்.

எட்டாவது ஒன்பதாவது படிப்பவர்களுக்கு ஆய்வகமே தேவையில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த ரெண்டு பேர் ஸ்பைக்கர்பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். கரப்பான்பூச்சியை ஐஸ் தண்ணீரில் போட்டு மரத்துப்போக வைத்து, ஒரு காலை மட்டும் எடுத்து, அதில் ரெண்டு குண்டூசி குத்திப் பெட்டியோடு இணைக்கவேண்டும். கால் முள்ளை லேசாகத் தொட்டால் ஒலிபெருக்கியில் கடுகு பொரிகிற சத்தம் வருகிறது. நரம்பு பேசுவதைக் காதால் கேட்கிறோம் மல்லி! போனில் பாட்டு வைத்து அந்த மின்சாரத்தைக் காலுக்கே கொடுத்தால், மேளம் அடிக்கிற இடத்திலெல்லாம் கால் உதைக்கிறது. பாவம் பார்க்கிற பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதே. எனக்கே முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது.

அதற்கும் செலவாகும் என்றால் உன் தெருக் கறிக்கடை இருக்கிறது. ஆட்டுத்தலையை ரெண்டாக வெட்டாமல் மூளையை முழுசாக எடுத்துத் தரச் சொல், முதல்நாளே சொல்லிவைத்தால்தான் நடக்கும். பச்சை மூளை குழைந்துவிடும், கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கத்தி நேராக இறங்கும். பின்னால் மடிப்பு மடிப்பாக இருப்பது சிறுமூளை. கவிழ்த்துப் பார்த்தால் கண்ணிலிருந்து வரும் ரெண்டு நரம்பும் ஒன்றையொன்று கடப்பது தெரியும். நடுவில் பிளந்தால் வலதையும் இடதையும் சேர்க்கும் வெள்ளைப் பட்டை. எல்லோருக்கும் கையுறை வாங்கிவிடு. வெட்டியதை யாரும் வறுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள், உங்கள் தலைமையாசிரியர் உட்பட.

இன்னொன்று, ஓசூர் ரோட்டிலேயே பெங்களூர் நிம்ஹான்ஸ், அந்த மனநல நரம்பியல் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே மூளை அருங்காட்சியகம் உண்டு. கட்டணம் கிடையாது. நிஜ மனித மூளையைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். ஆராய்ச்சிக்காக மூளைகளைச் சேர்த்துவைக்கிற மூளை வங்கியும் 1995இலிருந்து அங்கே நடக்கிறது. எந்தெந்தக் கிழமை பார்வையாளர்களை விடுகிறார்கள் என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டு, ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பஸ் பிடித்துவிடு. பஸ் வாடகை என் பொறுப்பு. வேண்டாம் என்று நீட்டி முழக்கி எழுதாதே, எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் எழுது.

நந்தினி உன் ராகி களியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
விஜயா