அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யுமுன் மைதானத்தையும் விடுதியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 முடித்த கையோடு பிள்ளையை அமெரிக்காவில் இளங்கலை படிக்க வைக்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கின்றன: தரவரிசை, கட்டணம். கட்டணத்தை எத்தனை முறை பார்த்தாலும் தகும். ஆனால் எட்டாம் இடமா, பதினைந்தாம் இடமா என்று மல்லுக்கட்டும் நேரத்தில் பாதியையாவது வேறொன்றுக்குச் செலவிட வேண்டும். அந்த வளாகத்தில் விளையாட்டுக்கு என்ன இடம், பிள்ளை யாரோடு தங்கும், சனிக்கிழமை மாலையில் என்ன செய்யும் என்று விசாரிக்க வேண்டும். நான்கு ஆண்டு வாழ்க்கையை இவைதான் தீர்மானிக்கின்றன. கல்விப் பக்கங்களில் இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

அதிகம் பேர் ஏமாறுவது, விளையாட்டு இடம் வாங்கித் தரும் என்ற நம்பிக்கையில். மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைக் கட்டாகச் சேர்த்து வைத்தால் ஹார்வர்டில் மதிப்புக் கூடும் என்று, நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே சான்றிதழுக்கு இவ்வளவு மதிப்பெண் என்ற பட்டியலே கிடையாது. அணியின் பயிற்சியாளர் தனக்கு வேண்டிய சிலரைப் பொறுக்கி, அவர்கள் பெயரைச் சேர்க்கை அலுவலகத்திடம் கொடுக்க வேண்டும். ஹார்வர்டு சேர்க்கை முறையை எதிர்த்த வழக்கில், 2018-ல் விசாரணையின்போது வெளிவந்த கணக்கைப் பாருங்கள். அப்படிப் பெயர் கொடுக்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குத்தான். பயிற்சியாளர் பெயர் கொடுக்காத மாநிலச் சாம்பியன் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் நிற்கிறார். இந்த வாசலின் மதிப்பு தெரிந்துதான், ஆடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டச் சில பெற்றோர் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். 2019-ல் அது வெடித்து, சிலர் சிறைக்கும் போனார்கள்.

எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். தடகளம், நீச்சல், டென்னிஸ், வாள்வீச்சு, கோல்ஃப் ஆகியவற்றுக்குக் கல்லூரி அணியும் பயிற்சியாளரும் உண்டு. பாட்மிண்டனுக்கும் கபடிக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வில் இடமே இல்லை. கிரிக்கெட்டைப் பல்கலைக்கழக அதிகாரபூர்வ அணியாக வைத்திருப்பது பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரி ஒன்றுதான். மற்ற இடங்களில் மாணவர்களே நடத்தும் மன்றங்கள்.

சென்னைக்கு நெருக்கமான இரண்டு ஆட்டங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்குவாஷும் என்.சி.ஏ.ஏ. ஆட்டம் அல்ல, கல்லூரி ஸ்குவாஷ் சங்கம் அதைத் தனியே நடத்துகிறது. ஆனால் ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கில் பெரும்பாலானவை அதற்கு ஆள் தேடுகின்றன. தமிழக வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். கனெக்டிகட்டின் டிரினிட்டி கல்லூரி, பல நாட்டு வீரர்களைத் திரட்டி 1998 முதல் 2012 வரை தொடர்ச்சியாக 252 ஆட்டங்களில் வென்றது. சதுரங்கத்தின் கதை வேறு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம், மிசௌரியின் வெப்ஸ்டர் பல்கலைக்கழகம் போன்றவை சதுரங்கத்துக்கென்றே உதவித்தொகை தருகின்றன. ஹார்வர்டிலோ யேலிலோ பெயர் கொடுக்கச் சதுரங்கப் பயிற்சியாளர் இல்லை. அங்கே அது விண்ணப்பத்தில் ஒரு சாதனையாக மட்டுமே நிற்கும்.

ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. 1954-ல் அந்த லீக் முறைப்படி அமைந்தபோதே செய்த முடிவு அது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. இதில் ஒரு நன்மையும் உண்டு: முழங்காலில் அடிபட்டு அணியை விட்டு விலகினாலும் உதவித்தொகை நிற்காது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்பவை; மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலக்கணக்கில்தான் நம் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவு அணிகளின் பயிற்சியாளர்கள் பெரும்பாலான ஆட்டங்களில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் மாணவரோடு நேரடியாகப் பேசலாம். நம் பிள்ளைகளோ பிளஸ் 2 அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அதற்குள் இடங்கள் போய்விடும். பிளஸ் 1-லேயே எழுதுங்கள். பிறந்த ஆண்டு, பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், சிறந்த நேரம் அல்லது தரவரிசை, அது எந்தப் போட்டியில் எந்தத் தேதியில் வந்தது, பள்ளி மதிப்பெண்கள், வெட்டி ஒட்டாத முழு ஆட்டக் காணொளி ஒன்று: இவ்வளவும் ஒரே மடலில் இருந்தால் போதும். பெற்றோர் எழுதக் கூடாது. மாணவரே எழுத வேண்டும்.

பயிற்சியாளருக்குப் பிடித்துவிட்டால், பிளஸ் 2 தொடங்கியிருக்கும் ஜூலை வாக்கில் மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி முன்கூட்டியே கருத்துக் கேட்பார். அதற்கு ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்கள் பள்ளி முத்திரையோடும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணும் ஜூன் மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். "உன்னை ஆதரிக்கிறேன்" என்று பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்வது சேர்க்கை ஆகாது. ஐவி லீக்கில் அக்டோபர் 1-க்குப் பிறகு சேர்க்கை அலுவலகம் அனுப்பும் 'அநேகமாக இடம் உண்டு' என்ற கடிதம் வந்தால்தான் ஓரளவு நம்பலாம். நவம்பர் 1-ல் முன்முடிவு விண்ணப்பம் போடச் சொல்வார்கள். கொலம்பியா, டியூக், கார்னெல் போன்ற இடங்களில் அது கட்டுப்படுத்தும்: இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவித்தொகை எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டைக் கேட்டு வாங்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அணியில் சேர்ந்த பின் என்ன நடக்கும்? சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது என்.சி.ஏ.ஏ. வரம்பு. ஆனால் போட்டி நாள் முழுவதையும் மூன்று மணி நேரமாகத்தான் எழுதுவார்கள். பயண நேரம் கணக்கிலேயே வராது. பொறியியல், உயிரியல் மாணவர்களுக்குப் பிற்பகல் ஆய்வக வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் மோதும். எந்தத் துறை மாணவர்கள் அணியில் இருக்கிறார்கள் என்று அணியின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம். நான்காம் ஆண்டு வரை ஒரு பொறியியல் மாணவர்கூட நீடிக்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள். அணியே கலையவும் கூடும். ஸ்டான்ஃபோர்டு 2020-ல் பதினொரு அணிகளைக் கலைப்பதாக அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2021-ல் பின்வாங்கியது. ஆட்டமே இல்லையென்றாலும் இங்கே படிப்பேனா என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். இல்லை என்று பதில் வந்தால் அது சரியான இடம் அல்ல.

இனி, எந்த அணியிலும் ஆடப்போகாத பெரும்பான்மையைப் பற்றி. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அதைப் பார்த்து அங்கே எல்லோரும் விளையாட்டு வீரர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் இளங்கலை மாணவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் அணிகளில் இருக்கிறார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள். நேர்மாறாக, சுமார் இரண்டாயிரம் பேர் படிக்கும் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற அமைதியான சிறு கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அணியில் ஆடுபவர். சாப்பாட்டு மேசைகள்கூட அணி வாரியாகப் பிரிந்துவிடும். விளையாட்டே வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளை அங்கேதான் தனிமைப்பட வாய்ப்பு அதிகம். மிச்சிகனில் ஆட்டத்தைப் பார்க்காமல் தன் போக்கில் இருக்க ஆயிரக்கணக்கானோர் துணை உண்டு. இதைப் பெற்றோர் தலைகீழாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

டியூக்கில் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு எதிரான கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க, கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வரை சேர்ந்து, ஜனவரிக் குளிரில் வாரக்கணக்கில் முறை வைத்துக் காத்துக் கிடக்கிறார்கள். அரங்கில் 9,314 இருக்கைகள்தான். அந்தக் கூடாரத்தில் உருவாகும் நட்பு வாழ்நாள் நட்பு. நம் பிள்ளைக்கு அது பிடிக்குமா என்பதுதான் கேள்வி. சிகாகோ பல்கலைக்கழகம் 1939-ல் அமெரிக்கக் கால்பந்தையே விட்டுவிட்டது. பின்னர் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கின் ஆண்கள் கூடைப்பந்து அணி தன் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்களில் தோற்று, 2011-ல்தான் வென்றது. அதனால் அங்கே படிப்போரின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்க நீச்சல் தேர்வும் நான்கு உடற்கல்விப் பாடங்களும் முடிக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு அங்கேயே வகுப்பு உண்டு. ஆனாலும் இங்கேயே கற்றுக்கொண்டு போவது நல்லது.

தங்குமிடமும் இதே அளவுக்கு முக்கியம். ரைஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த உடனே ஒரு விடுதிக் கல்லூரியில் சேர்த்துவிடுவார்கள். நான்கு ஆண்டும் அதுவே வீடு. பிரின்ஸ்டனில் மூன்றாம் ஆண்டிலிருந்து பலர் சாப்பாட்டு மன்றங்களில் சேருகிறார்கள். அந்தப் பதினொரு மன்றங்களில் சிலவற்றில் நேர்காணல் போலத் தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அது வலிக்கும்.

நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்களும் விசாரிக்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. அதன் எஃப் பகுதியில், விடுதியில் தங்குவோர் எத்தனை சதவீதம், கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கங்களில் சேர்ந்தவர் எத்தனை சதவீதம் என்று இருக்கும். முதலாண்டில் எல்லோரும் விடுதியில் இருந்து, மொத்தத்தில் பாதிகூட இல்லையென்றால், இரண்டாம் ஆண்டில் வாடகை வீடு தேட வேண்டியிருக்கும் என்று பொருள். அணிகளில் எத்தனை பேர் என்பது அமெரிக்கக் கல்வித் துறையின் ஈ.ஏ.டி.ஏ. தளத்தில் கிடைக்கும். மாணவர்களே நடத்தும் நாளிதழ்களில் அக்டோபர், பிப்ரவரி இதழ்களைப் புரட்டினால், விளம்பரக் கையேட்டில் வராத புகார்கள் தெரியவரும்.

வழக்கமான சேர்க்கை முடிவுகள் மார்ச் இறுதியில் வருகின்றன. மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். இடையில் ஒரு மாதம்தான். அந்த ஏப்ரலில் தரவரிசைப் பட்டியலை மறுபடியும் அச்சிடுவதற்குப் பதில், மேலே சொன்ன விவரங்களைப் பல்கலைக்கழக வாரியாகத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டு வழியாக முயல்வோருக்கான தேதிகளை மட்டும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளோடு சேர்த்து மே மாதத்திலேயே போட வேண்டும்.

– கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர், கோயம்புத்தூர்