கை தொங்கினால் கணக்கு தப்பும்

மருத்துவமனை, கிளினிக் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் வெளிநோயாளர் பிரிவில் பிரஷர் பார்க்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். படியேறி வந்தவர் மூச்சு வாங்க ஸ்டூலில் உட்காருகிறார். முதுகுக்குச் சாய்வில்லை. சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை மடியில் கிடக்கிறது. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் எண் வந்துவிடுகிறது. அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவர் மருந்தைக் கூட்டுகிறார்.

இதில் செவிலியரை நாங்கள் குறை சொல்லவில்லை. சாய்வு நாற்காலியும் மேசையும் நேரமும் இல்லாத இடத்தில் யார் பார்த்தாலும் இப்படித்தான் ஆகும்.

பட்டையின் நடுப்பகுதி இதய மட்டத்தில், அதாவது நெஞ்செலும்பின் நடுப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு செ.மீ. கீழே இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 0.8 மி.மீ. (பாதரச அளவு) கூடுதலாகக் காட்டும். 10 செ.மீ. தாழ்ந்தால் 134 இருப்பவர் 142 ஆகிவிடுவார். நோயாளியே கையைத் தூக்கிப் பிடிப்பதும் சரியல்ல. தசை இறுகி அழுத்தம் ஏறும். மேசை மேல் கை தளர்ந்து கிடக்க வேண்டும்.

பெரிய பிழை நடப்பது பட்டையில். அதற்குள் இருக்கும் காற்றுப்பை, மேல்கைச் சுற்றளவில் 80 சதவீத நீளமும் 40 சதவீத அகலமும் இருக்க வேண்டும். சுற்றளவைத் தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் அளக்க வேண்டும். சிறிய பட்டை தன் அழுத்தம் முழுவதையும் கையின் தமனிவரை கொண்டுபோவதில்லை. அதனால் கூடுதல் காற்று ஏற்ற வேண்டியிருக்கிறது, எண்ணும் ஏறிவிடுகிறது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி செய்த பட்டை 5 செ.மீ. அகலம்தான். அது கூட்டிக் காட்டுகிறது என்று 1901இலேயே ஜெர்மன் மருத்துவர் ரெக்லிங்ஹவுசன் சொல்லிவிட்டார். இன்னமும் 27-34 செ.மீ. கைக்கான ஒரே பட்டையை 40 செ.மீ. கைக்கும் இழுத்துச் சுற்றுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் இடங்களில் ஒரு படியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி காற்றேற்றி, துடிப்பு மறையும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்கு மேல் 30 மி.மீ. வரை ஏற்றி, நொடிக்கு 2-3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். சிலருக்குச் சத்தம் கேட்டு, நடுவில் அடங்கி, மறுபடி கேட்கும். நாடி பார்க்காமல், சத்தம் அடங்கும் அந்த இடைவெளிக்குள் காற்றேற்றுவதை நிறுத்தினால், 180 இருப்பவரை 150 என்று எழுதி அனுப்பிவிடுவோம். வால்வைச் சட்டென்று திறந்தாலும் முதல் சத்தம் தவறிப்போகும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. சாய்வு நாற்காலி ஒன்று, சரியான உயரத்தில் மேசை ஒன்று, குறைந்தது மூன்று அளவுப் பட்டைகள், ஓர் அளவு நாடா. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்கார ஓர் அமைதியான இடம். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, சராசரி எடுக்க நேரம். முதல் வருகையில் இரண்டு கையிலும் பார்க்கட்டும். எந்தக் கையில் கூடுதலோ, இனி அந்தக் கைதான். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த கையில் மட்டும் பட்டை கட்டவே கூடாது.

குறிப்பேட்டிலும் இரண்டு கட்டம் சேர்த்துக் கொடுங்கள்: எந்தக் கை, எந்த அளவுப் பட்டை. "வலது, பெரியது, 146/88" என்று எழுதியிருந்தால்தான் அடுத்த மாத எண்ணை அதோடு ஒப்பிட முடியும்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர்கள்