முட்டில் எடுத்த நீர்

தக்கலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தூத்தூர்க் கடற்கரையில் பந்து விளையாடும்போது உன் மகனின் முட்டு திருகி, உள்ளே தொடையெலும்பையும் காலெலும்பையும் பிணைக்கும் முன் சிலுவை ஜவ்வு அறுந்துவிட்டதை வாசித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. கோர்த்திருந்த இரத்தநீரை ஊசியால் எடுத்துவிட்டார்கள், வீக்கம் வடிந்துவிட்டது, அடுத்த மாதமே களத்தில் இறங்கத் துடிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அவனை இறங்க விடாதே.

பரிசோதனைக்கூடத்தில் பணியாற்றிய காலமெல்லாம் மூட்டு நீரைப் பார்த்தவன் நான். நல்ல முட்டில் அது சில மில்லிலிட்டர்தான் இருக்கும். அக்கானி காய்ச்சும்போது உன் அம்மை அகப்பையைத் தூக்கிப் பதம் பார்ப்பது நினைவிருக்கிறதா? அப்படியே நல்ல மூட்டு நீரும் ஊசிமுனையிலிருந்து நூலாக நீண்டு இறங்கும். அழற்சி கண்ட முட்டின் நீரோ வெறும் தண்ணீராகச் சொட்டும். எடுத்த இரத்தத்தின்மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தால், எலும்பு உடைந்து மஜ்ஜைக் கொழுப்பு கசிந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக்குழாயும் இல்லை. அடிபட்டாலும் அது வலித்துச் சொல்லாது. ஆனால் அதிலிருந்து சிதையும் துணுக்குகள் மூட்டு நீரில் கலந்துவிடும். குருத்தெலும்பு அமுங்கி மீளக் காரணமான அக்ரிகன் புரதத்தை நொதிகள் வெட்டும்போது புதிதாகத் தோன்றும் முனையை மட்டும் பற்றும் எதிர்பொருள் (ஆன்டிபாடி) ஒன்றைக் கொண்டு அந்தத் துணுக்குகளை அளக்கிறார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டெஃபான் லோமாண்டரும் அவருடைய குழுவினரும், காயம்பட்ட சில நாட்களுக்குள்ளேயே இவை பெருகுவதையும், வீக்கம் வடிந்து ஆண்டுகள் ஆன முட்டுகளிலும் மிகுந்தே இருப்பதையும் கண்டார்கள். இழந்த அக்ரிகனைச் செல்கள் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அதைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரத வலை அறுந்தால் வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆகவே நீரில் தெரியும் கொலாஜன் துணுக்கையே நான் பெரிய எச்சரிக்கையாகக் கருதுகிறேன்.

இவையெல்லாம் இன்னும் ஆய்வுக்கூட அளவீடுகள்தான். இந்தப் பையனின் முட்டு தேயும், அந்தப் பையனுடையது தேயாது என்று எந்த எண்ணும் சொல்லாது. எனினும் இத்தகைய காயம்பட்டவர்களில் சுமார் பாதிப்பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. அவனுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது.

அறுவை சிகிச்சைக்கும் அவசரப்பட வேண்டாம். 2010-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், ஜவ்வறுந்த 121 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்கு முதலில் உடற்பயிற்சி கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று வைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரு தரப்பாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உடனே அறுவை செய்துகொண்டவர்களின் மூட்டு நீரில் அழற்சிப் புரதங்கள் மேலும் கூடியிருந்ததையும் பின்னர் அளந்தார்கள். அறுவையும் முட்டுக்கு இன்னொரு காயம்தானே. மருத்துவரிடம் இதைத் தயங்காமல் கேள். தொடைத்தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை ஒருநாளும் விடாமல் செய்யச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவனிடம் நானே பேசுகிறேன். அதுவரை பந்தைப் பரணில் எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்