வாழைத் தோட்டத்துச் சம்பளமும் ஊர் சுற்றும் காசும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. குலுக்கலில் பெயர் விழுந்து, வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற ஆஸ்திரேலியா தரும் 462 விசாவும் வந்தாச்சு. சந்தோஷம். "மணிக்கு 31 டாலர், ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் ஊர்சுற்றல்" என்று நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கூட்டல் சரிதான். விட்டுப்போனவைதான் அதிகம்.

நீ சொல்லும் 31.19 டாலர், 2025 ஜூலையில் வைத்த குறைந்தபட்சக் கூலி 24.95-உடன், நிரந்தரமில்லாத ஆளுக்கு 25 சதவீதம் சேர்த்து வருவது. வாரம் 38 மணி நேரம் கிடைத்தால் 1,185. உன் விசாவுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி. கைக்கு 1,007 வரும். ஹாஸ்டல் கட்டிலுக்கு 230, சாப்பாட்டுக்கு 100, சில்லறைச் செலவுக்கு 60 என்று வைத்தால் 600 டாலருக்கு மேல் மிஞ்சும். ஆனால் காய் முற்றாத வாரமும் உண்டு, மழை அடிக்கும் வாரமும் உண்டு. அப்போது 28 மணி நேரம் கிடைத்தால் மிச்சம் 352 தான். மழைக்கு வேலை நிற்கும், கட்டில் வாடகை நிற்காது. 20 வாரத்தில் 12,000 என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு 8,000 என்று போட்டுக்கொள்.

போய் இறங்கியதும் முதல் வேலை வரி எண், அதாவது டிஎஃப்என். இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆஸ்திரேலிய மண்ணில் இறங்கிய பிறகுதான். கைக்கு வர 28 நாள்கூட ஆகும். அந்த எண்ணைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதியைப் பிடித்துவிடுவார்கள். உன் விசாக்காரர்களை வைத்துக்கொள்ளப் பதிவு செய்யாத முதலாளி 15-க்குப் பதில் 30 சதவீதம் பிடிப்பார். வேலையில் சேரும்முன் அதைக் கேட்டுவிடு. யாராவது "ஏபிஎன் எண் எடுத்துட்டு வா" என்றால் அங்கே சேராதே; அது சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான எண். உன்னைத் தனி ஒப்பந்தக்காரராகக் காட்டி, ஓய்வூதியப் பணத்தையும் விபத்துக் காப்பீட்டையும் தட்டிக்கழிக்கும் வழி அது.

குயின்ஸ்லாந்தின் வடக்கே டல்லி பக்கம் வாழைத் தோட்டம் என்றாயே, நல்ல யோசனை. வாழைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்க வெட்டு உண்டு. ஆனால் மழைக்குப் பேர்போன ஊர். 1950-இல் பெய்த மழையின் அளவுக்கு 7.9 மீட்டர் உயரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலையே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்! டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே போகாதே, அந்த மாதங்களில் புயலும் வரும். தார் சுமப்பதைப் பெரும்பாலும் ஆண்களிடம் விடுவார்கள். உனக்குக் கிடைப்பது ஷெட்டில் சீப்பு வெட்டி, கழுவி, பெட்டியில் அடுக்கும் வேலையாக இருக்கும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அங்கே பழைய துணிக்கடையில் முழுக்கைச் சட்டை இரண்டு வாங்கிக்கொள். தார்களுக்குள் எலி வரும். அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் தொற்றுவது அந்தப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் தெரிந்த சங்கதி. கையில் சிறு கீறல் இருந்தாலும் நீர் புகாத பிளாஸ்டர் போட்டுக் கையுறை மாட்டு. கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், வாழை வேலை என்று டாக்டரிடம் முதலிலேயே சொல். அங்கே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உன் போன்ற விசாவில் வரும் இந்தியர்களுக்குக் கிடையாது, அதனால் பண்ணை வேலையையும் சேர்த்துக்கொள்ளும் காப்பீடாகப் பார்த்து எடு.

தக்காளி, பெர்ரி பறிக்கப் போனால் பெட்டிக் கணக்கில் கூலி பேசுவார்கள். 2022 ஏப்ரலிலிருந்து, பெட்டி எத்தனை நிரம்பினாலும் அந்த நேரத்துக்கான குறைந்தபட்ச மணிக்கூலிக்குக் கீழே கொடுக்கக்கூடாது. இதை நிறுவ உன் கையில் கணக்கு வேண்டும்: தொடங்கிய நேரம், இடைவேளை, முடித்த நேரம், பெட்டி எண்ணிக்கை. அன்றன்றைக்கே நோட்டில் எழுது. சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் வர வேண்டும். நோட்டும் பேஸ்லிப்பும் ஒத்துவராவிட்டால், கூலிப் புகார்களைக் கவனிக்கும் அரசின் ஃபேர் வொர்க் அலுவலகத்துக்கு 13 13 94-இல் கூப்பிடு. இரண்டாம் வருஷ விசா வேண்டுமென்றாலும் அந்தச் சீட்டுகள்தான் சாட்சி. குறிப்பிட்ட வேலையில் மூன்று மாதம் காட்ட வேண்டும். பண்ணைச் சாகுபடி போன்ற சில விலக்குகள் தவிர, பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும் மறந்துவிடாதே.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஹாஸ்டலில் முன்பணம் கட்டும்முன் ஒரே கேள்வி கேள்: "இப்போது வேலைக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்?" மழுப்பினால் வேறு இடம் பார். அறைக்குள் போனதும் புகை அலாரத்தையும் வெளியேறும் வழியையும் பார். 2000 ஜூனில் சில்டர்ஸ் ஊர் ஹாஸ்டல் தீயில் 15 பேர் போனார்கள். அங்கே தங்கிப் பழம் பறிக்க வந்த உன் வயதுப் பிள்ளைகள்தான்.

ஓய்வூதியப் பணமாக முதலாளி கட்டும் 12 சதவீதத்தை மிச்சத்தில் சேர்க்காதே. விசா முடிந்து நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் கேட்க முடியும். அதிலும் 65 சதவீதம் வரியாகப் போகும். வந்தால் அடுத்த டிக்கெட்டுக்கு ஆகும்.

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடு. கட்டணம் ஆயிரம் ரூபாய், ஒரு வருஷம் செல்லும். பெங்களூரில் அலைய வேண்டாம்; நம் ஊர் ஆர்டிஓவில்தானே உன் லைசென்ஸ் இருக்கிறது, அடுத்த வாரம் வரும்போது முடித்துவிடலாம். பாஸ்போர்ட், விசா நகல் இரண்டையும் மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
அப்பா