டூமின் வரிகளுக்கு இடம் விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எம்.சி. சர்ச், டான்டே ராஸ், பாபிட்டோ கார்சியா, லார்ட் ஸ்காட்ச், மேட்லிப், பீனட் பட்டர் வுல்ஃப், ஈகான், டேவ் கூலி, ஜெஃப் ஜாங்க் ஆகியோருக்கும், இசைத்தட்டு உறையில் பெயர் அச்சாகாத பலருக்கும் வணக்கம்.

முகமூடி அணிந்து பாடிய ராப்பர் எம்.எஃப். டூம் 2020 அக்டோபர் 31 அன்று மறைந்தார். குடும்பத்தார் அதை டிசம்பர் 31 அன்றுதான் வெளியே சொன்னார்கள். அதன் பிறகு அவரைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பாலானவை முகமூடிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து எழுதிய ஒரு மேதையைப் பற்றியே பேசின. மேதை என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அவ்வளவு அடர்த்தியாக ஒருவர் எழுத வேண்டுமென்றால் பல்லவி கேட்காத தயாரிப்பாளர் வேண்டும், விற்குமா என்று கேட்காத லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வேண்டும், வரியை மூடாத பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) வேண்டும். அவற்றைக் கொடுத்தவர்கள் நீங்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

அடர்த்தி என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் கணக்காகவே சொல்லிவிடுகிறோம். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) வேகத்தில் நாலு அடித் தாளம் ஒரு சுற்று வர ஏறத்தாழ 2.67 வினாடி ஆகும். வழக்கமான ராப் பாட்டில் 16 சுற்று கொண்ட சரணம் மூன்று, 8 சுற்று கொண்ட பல்லவி மூன்று. மொத்தம் 72 சுற்று, 3 நிமிடம் 12 வினாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு பல்லவிக்கே போய்விடுகிறது. டூம் பல பாட்டுகளில் அந்தப் பங்கைத் தூக்கி எறிந்தார். தயாரிப்பாளர் மேட்லிப்புடன் சேர்ந்து செய்து 2004-இல் வந்த 'மேட்வில்லனி' தொகுப்பில் 'அக்கார்டியன்' 1 நிமிடம் 58 வினாடிதான். பல்லவி கிடையாது, திரும்ப வரும் வரி கிடையாது, தொடங்கியதிலிருந்து முடிவு வரை எழுத்துதான். மூன்று நிமிடப் பாட்டில் மற்றவர்கள் சொல்வதைவிட அதிகமாக அந்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறார்.

அவருடைய இயைபைப் பிடிக்கத் தமிழ்க் காது கொஞ்சம் திரும்பிக்கொள்ள வேண்டும். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதையே தேடிப் பழகிவிட்டதால் நாம் மெய்யெழுத்தைத் துரத்துகிறோம். டூம் உயிரொலிகளைச் சங்கிலியாகக் கோத்தார். தமிழிலேயே சொன்னால் 'மாலை மழை', 'யானைப் படை', 'ஆசை வலை' மூன்றுக்கும் எதுகை இல்லை. ஆனால் ஆ–ஐ–அ–ஐ என்ற ஓசை மூன்றிலும் ஒன்றே. இப்படி நான்கு, ஐந்து அசை நீளச் சங்கிலியை எட்டு, பத்து வரிக்கு அறுபடாமல் இழுத்துக்கொண்டு போய், நடுவில் இன்னொரு சங்கிலியையும் சேர்த்துப் பின்னுவார். எதிர்பார்த்த சொல் வரும் என்று காது காத்திருக்கும் இடத்தில் வேறொன்றை வைத்துவிடுவார்.

புதிதாகக் கேட்பவர்கள் ஒரே ஒரு சரணத்தை எடுத்து, வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, முதலில் ஸ்னேர் டிரம் விழும் 2-ஆம், 4-ஆம் அடியில் எந்த அசை உட்காருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரே உயிரொலிக்கு ஒரே நிறம் பூசுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நிறம் பூசினால் பாதி இயைபு கண்ணுக்கே தெரியாது; அமெரிக்க உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் பூச வேண்டும். பொருள் தேடுவது கடைசி வேலை. காமிக்ஸ், கார்ட்டூன், காட்ஸில்லா வகைப் படங்கள், பழைய தெருப்பேச்சு என்று அவர் இழுக்கும் இடங்கள் ஏராளம். பொருளில் தொடங்கினால் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுவோம்.

எம்.சி. சர்ச் அவர்களே, 1989-இல் தேர்டு பேஸ் குழுவின் 'தி கேஸ் ஃபேஸ்' பாட்டில் அன்று ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில் இருந்த டூமுக்கு ஒரு சரணம் கொடுத்தீர்கள். டான்டே ராஸ் அவர்களே, அவரையும் தம்பி சப்ராக்கையும் கே.எம்.டி. குழுவாக எலெக்ட்ரா லேபிளுக்கு அழைத்து வந்தவர் நீங்கள். 1991-இல் 'மிஸ்டர் ஹூட்' வந்தது. 1993-இல் கார் மோதி சப்ராக் இறந்தபோது அவருக்கு வயது 19. அண்ணன் இரண்டாவது தொகுப்பைத் தனியாக முடித்தார். 1994-இல் அதன் அட்டைப் படத்தை ஒட்டி எழுந்த சர்ச்சையில் லேபிள் அதை வெளியிடாமல் கைவிட்டது. அந்தத் தொகுப்பின் மாஸ்டர் டேப்புகள் (மூலப் பதிவுகள்) டூமின் கைக்கே வந்தன. அது சின்ன விஷயமல்ல. கைவிட்ட தொகுப்பின் டேப் லேபிளின் கிடங்கில் தூங்கிவிடுவதுதான் வழக்கம். கைக்கு வந்ததால்தான் சில ஆண்டுகள் கழித்து அது கேட்கக் கிடைத்தது, சப்ராக்கின் குரலும் எங்களுக்குக் கிடைத்தது.

பாபிட்டோ, உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். கொலம்பியா பல்கலைக்கழக வானொலி 89.9-இல் வியாழன் நள்ளிரவுக்குப் பின் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்குடன் நீங்கள் நடத்திய நிகழ்ச்சி, லேபிள் இல்லாதவர்களுக்கும் திறந்திருந்த வாசல். 1995-இல் தொடங்கிய ஃபாண்டில் எம் ரெக்கார்ட்ஸ் மூலம் 1997-இல் 'டெட் பென்ட்' 12 அங்குலத் தட்டைப் போட்டீர்கள். எல்லாரும் மறந்துவிட்ட ஒரு ஆள், நியூயோரிகன் கவிஞர் கூடத்தின் மேடையில் முகத்தில் காலுறையை மாட்டிக்கொண்டு ஏறிய காலம் அது. பெரிய லேபிளாக இருந்தால் முதலில் முழுத் தொகுப்பு, விளம்பரத்துக்கு வீடியோ, வீடியோவுக்குப் பல்லவி என்று போயிருக்கும். நீங்கள் ஒவ்வொரு தட்டாகப் போட்டு, கடைக்காரரும் டிஜேயும் கேட்டுப் பழக நேரம் கொடுத்தீர்கள். 1999-இல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' வந்தபோது அதைக் கேட்கக் காதுகள் தயாராக இருந்தன. ஷாடேயின் பாட்டிலிருந்தும் ஸ்டீலி டானின் பாட்டிலிருந்தும் வெட்டிய மென்மையான லூப்களின் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகளின்) மேல் இவ்வளவு கரடுமுரடான எழுத்து உட்காரும் என்று அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நீங்கள் நம்பினீர்கள்.

லார்ட் ஸ்காட்ச், அந்த முகம் உங்கள் கை வேலை. 'கிளாடியேட்டர்' படத்தின் தலைக்கவசப் பிரதியிலிருந்து முகத்தகட்டை எடுத்து நீங்கள் உருவாக்கிய இரும்பு முகமூடிதான் பிறகு நிலைத்தது. முகம் மறைந்தால் வயது, அழகு, உடை எதையும் யாரும் பார்க்க முடியாது. மிஞ்சுவது குரலும் சொல்லும்தான். அவர் கேட்டதும் அதைத்தான்.

மேட்லிப் அவர்களே, உங்கள் பங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். 2002-இல் பிரேசிலுக்குப் போனபோது சாவ் பாலோ விடுதி அறையில் உங்களிடம் இருந்தது ஒரு கையடக்க டர்ன்டேபிள், ஒரு கேசட் டெக், ஒரு பாஸ் எஸ்பி-303 சாம்ப்ளர் (ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவி). மேட்வில்லனியின் 'ரெய்டு', 'ஸ்ட்ரேஞ்ச் வேஸ்', 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' அந்த அறையில் பிறந்தவை. அந்த சாம்ப்ளரில் விரலால் தட்டும் பட்டைகள் எட்டுதான். நல்ல தரத்தில் சாம்பிள் எடுத்தால் நினைவகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்தால் நேரம் கூடும், ஆனால் மேல் ஸ்தாயி மழுங்கும். அதில் 'வினைல் சிம்' என்ற எஃபெக்ட் உண்டு. அதன் கம்ப்ரஷனை ஏற்றினால் டிரம் விழும்போது மற்ற ஒலிகள் அமுங்கி எழும், பழைய தட்டின் அழுக்கும் வரும். கேசட்டில் இரண்டு தடமாக இறங்கிய பீட்டை அப்புறம் டிரம் வேறு, பேஸ் வேறு என்று பிரிக்க முடியாது. மிக்ஸ் செய்பவருக்கு அது தலைவலி. டூமுக்கோ அதுவே வசதியாகிவிட்டது: மேல் ஸ்தாயி மழுங்கிய பீட்டில் க, ட, ப, ச ஒலிகளுக்கான இடம் காலியாக இருக்கும். அவருடைய தொண்டை கட்டிய கனத்த குரலின் மெய்யெழுத்துகள் நேராக அங்கே வந்து அமர்ந்தன. டெய்டலஸ் அவர்களே, 'அக்கார்டியன்' பாட்டின் அந்த இழுவை உங்கள் 'எக்ஸ்பீரியன்ஸ்' இசையிலிருந்து வந்தது. உங்களுக்கும் நன்றி.

ஈகான், பீனட் பட்டர் வுல்ஃப், ஜார்ஜியாவின் கென்னசாவில் இருந்த டூமுக்கு நண்பர் ஒருவர் வழியாக பீட்டுகளை அனுப்பி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானச் சீட்டும் 1,500 டாலரும் புரட்டியது உங்கள் சின்ன லேபிளான ஸ்டோன்ஸ் த்ரோ. ஒப்பந்தம் எழுதியது சாப்பிடும் காகிதத் தட்டில் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நீங்கள் காத்த பொறுமை. மேட்வில்லனியின் வெளியீட்டுக்குப் பதினான்கு மாதம் முன்பே டெமோ (முதல் மாதிரிப் பதிவு) கசிந்துவிட்டது. அப்படி ஆனால் லேபிள்கள் ஒன்று அவசரமாகப் போட்டுவிடும், அல்லது போடாமலே விட்டுவிடும். டூமும் மேட்லிப்பும் வேறு வேலைகளுக்குப் போனார்கள். 2003-இல் டூம் விக்டர் வான் என்ற பெயரில் ஒன்றும் கிங் கீடோரா என்ற பெயரில் ஒன்றுமாக இரண்டு தொகுப்பு போட்டார். நீங்கள் கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்து மறுபடி பதிவு செய்தபோது அவர் குரல் மாறியிருந்தது. டெமோவில் துள்ளிய குரல் இப்போது தாழ்ந்து, நிதானமாக, சாய்ந்து உட்கார்ந்து பேசுவது போல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் காரணம் புரியும்: உரக்கச் சொன்னபோது சங்கிலியின் நடுக்கண்ணிகள் கத்தலில் கரைந்தன, தாழ்த்திச் சொன்னபோது ஒவ்வொரு அசையும் தெளிந்தது. எங்கள் காதுக்கு டெமோ ஒரு நல்ல தொகுப்பு, 2004 மார்ச் 23 அன்று வந்தது மகத்தான தொகுப்பு.

டேவ் கூலி அவர்களே, அந்தத் தொகுப்பைப் பதிவிலிருந்து மாஸ்டரிங் வரை பொறுப்பெடுத்துத் தாங்கியவர் நீங்கள். உங்களோடு சேர்த்து, தட்டு வெட்டும் பொறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 12 அங்குலத் தட்டு 33⅓ வேகத்தில் சுற்றும்போது வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே வினாடிக்கு 50 செ.மீ. அளவுக்குத் தடம் ஓடும். உள்ளே மையத்தை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அங்கே ச, ஷ ஒலிகள் சிதறி இரைச்சலாகும். பாடகருக்கு அது சிறு குறை. அசைக்கு அசை கணக்கு வைத்திருக்கும் ராப்பருக்கு அது எழுத்தையே அழிப்பது. மேட்வில்லனி மொத்தம் 46 நிமிடம். அதை இரண்டு தட்டுக்குப் பிரித்தால் பக்கத்துக்குப் பதினொன்றரை நிமிடம்தான் வரும். பள்ளங்களை அகலமாக வெட்டலாம், மையத்துக்கு வெகு முன்பே நிறுத்தலாம். ஒரே தட்டில் அடைத்திருந்தால் பக்கத்துக்கு 23 நிமிடம் ஆகி ஒலி தாழ்ந்திருக்கும், கடைசிப் பாட்டுகள் கரகரத்திருக்கும். பழைய தட்டில் கடைசிப் பாட்டு மட்டும் புரியவில்லை என்பவர்கள் ஊசியின் சீரமைவைச் சரிபார்த்துவிட்டுக் கேளுங்கள். குறை டூமின் உச்சரிப்பில் இருக்காது.

மேட்வில்லனியின் அட்டையை வடிவமைத்த ஜெஃப் ஜாங்க் அவர்களே, எரிக் கோல்மன் எடுத்த அந்தச் சாம்பல் நிறப் படத்தில் முகமூடியைத் தவிர ஒன்றும் வைக்காமல், மூலையில் ஒரு சின்ன ஆரஞ்சுச் சதுரத்தை மட்டும் வைத்தீர்கள். கடையில் நூறு தட்டுகளுக்கு நடுவிலும் கண் அங்கேதான் போகும்.

'எம்எம்..ஃபுட்' தொகுப்பை வெளியிட்ட ரைம்சேயர்ஸ், கிங் கீடோராவுக்கு இடம் கொடுத்த பிக் டாடா, தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ் ஆகியோருக்கும் நன்றி. லண்டன் லெக்ஸ் ரெக்கார்ட்ஸுக்குத் தனியாக நன்றி: 1971-இல் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவரை 2010-இல் அமெரிக்கா திரும்ப உள்ளே விடவில்லை. குடும்பத்தை விட்டு விலகி இருக்க நேர்ந்த அந்த ஆண்டுகளில் அவருடைய தொகுப்புகள் உங்கள் வழியாகத்தான் வெளிவந்தன.

அவர் வளர்ந்த நியூயார்க் லாங் பீச் நகரத்தாருக்கு: 2021-இல் ஹட்சன் தெருவுக்குக் கே.எம்.டி.–எம்.எஃப். டூம் வழி என்று பெயர் வைத்தீர்கள். தம்பியின் குழுப் பெயரை முதலில் எழுதியதற்கு நன்றி.

டூமின் மனைவி ஜாஸ்மின் டுமிலே அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்: உங்கள் துயரத்தின் நடுவே எங்களுக்கும் ஒரு வார்த்தை சொன்னீர்கள். கைகூப்பி நன்றி.

இப்படிக்கு,
டூமின் வரிகளைத் தமிழில் பேசிப் பிரிக்கும் கேட்பாளர்கள்