தகரத்துக்கு அடியில் மாட்டாதே

கொழிஞ்சாம்பாறை
மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வேலந்தாவளத்தில் எல்லாரும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே கிணறுகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. பனையோலை அசையாத மத்தியானங்களும் வந்துவிட்டன.

மாட்டுக்கொட்டகைத் தகரத்துக்கு அடியில் மாட்டிய வெப்பமானி 44 டிகிரி காட்டுகிறதே, நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நம்பாதே. மானியில் பழுதில்லை. அது காற்றின் சூட்டோடு தகரத்தின் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது. வெப்பமானிக்குத் தெரிந்ததெல்லாம் தன் குமிழின் சூடு ஒன்றுதான். வெயிலும் சுவரும் சிமென்ட் தரையும் அதன்மேல் அனலடிக்கும். ராத்திரி திறந்த வானத்தடியில் வைத்தால் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். இவை எல்லாவற்றையும் மறைக்க வேண்டும், காற்றை மட்டும் மறிக்கக் கூடாது.

அதற்குத்தான் வெப்பமானியை உள்ளே வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டி. 1860களில் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் அமைத்தது. நான்கு பக்கமும் ஜன்னல் ஷட்டர் போலச் சாய்ந்த பலகைகள், அதுவும் இரண்டு அடுக்கு. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் குமிழ் கண்ணில் படக் கூடாது. கூரையும் இரட்டை, நடுவே காற்று ஓட இடைவெளி. அடியில் பலகைகளை ஒன்றுக்கொன்று விலக்கி மேலும் கீழுமாக அடி. மரம்தான் வேண்டும், தகரப் பெட்டியில் ஓட்டை போட்டால் அது அடுப்பு. உள்ளும் புறமும் பளபளக்கும் வெள்ளை எனாமல். இங்குள்ள செம்மண் புழுதி படிந்து வெள்ளை மங்கினால் பெட்டி வெயிலை உறிஞ்சும். மாதம் ஒருமுறை கழுவு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடி. பலகை இடுக்கில் குளவி கூடு கட்டினால் காற்றோட்டமே நின்றுபோகும், அதையும் பார்த்துக்கொள்.

குமிழ் தரையிலிருந்து 4 அடி உயரத்தில், கீழே குட்டைப் புல். பக்கத்து மரமோ கட்டிடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வை. கால்களை ஆழமாகப் புதை. பெட்டி ஆடினால், ராத்திரி இறங்கிய மிகக் குறைந்த அளவைக் குறித்து வைக்கும் குறைந்தபட்ச வெப்பமானியின் ஆல்கஹாலுக்குள் கிடக்கும் குறிமுள் நகர்ந்துவிடும். காலையில் பொய்க் கணக்கு எழுதுவாய்.

கதவு வடக்கே என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊருக்கு அது முழுசாகப் பொருந்தாது. ஏப்ரல் பாதிக்கு மேல் ஆகஸ்டு கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கில் நிற்கும்; கதவைத் திறந்தவுடன் வெயில் குமிழில் விழும். தெற்கிலும் ஒரு கதவு வைத்து, அந்த மாதங்களில் அதைத் திற.

காற்றின் ஈரத்தை அறிய, குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் மானியும் வைப்பாயானால் போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்த துணி சரியாக ஈரம் ஏற்காது, மானி கூட்டிக் காட்டும், காற்றில் இல்லாத ஈரத்தை இருப்பதாக நினைப்பாய். காய்ச்சி வடித்த நீர் ஊற்று, மஸ்லின் துணியை வாரம் ஒருமுறை மாற்று.

தச்சுக்கூலி அதிகமென்றால், உன் டிஜிட்டல் மானிக்கு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு போதும். கவிழ்த்து, மூன்று திருகுக் கம்பியில் 2 செ.மீ. இடைவெளியில் கோர். மேல் இரண்டும் முழுசாக இருக்கட்டும், மற்றவற்றுக்கு நடுவில் வட்டம் வெட்டு. மானி நடுவே தொங்கட்டும். தட்டில் படக் கூடாது.

ஒன்று மட்டும் மனதில் வை: காற்றே இல்லாத கடும் வெயிலில் நல்ல பெட்டியும் 2 டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டலாம். கயிற்றில் கட்டிய வெப்பமானியை நிழலில் நின்று இரண்டு நிமிஷம் சுழற்றி ஒப்பிட்டுப் பார். மேகமும் காற்றுமான நாளில் இரண்டும் ஒத்துப்போய், வெயிலில் மட்டும் விலகினால் குறை நிழலமைப்பில். எல்லா நாளும் ஒரே அளவு விலகினால் குறை மானியில்.

பத்து நாள் கணக்கை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்